எதிராளி வாயில் பாட்டை வைத்தவர்

புது ஊருக்குப் போனால் மனுஷன் முதலில் என்ன கேட்பான்? சோறு எங்கே கிடைக்கும், தண்ணீர் எப்படி என்று கேட்பான். அவர் கேட்பது வேறு. தோளில் கிடந்த துண்டை உதறி மணலில் விரித்து உட்கார்ந்ததும், “ஏலே, இங்கன யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்ல?” என்பார்.

முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்கு ஆளையே பிடிக்கவில்லை. ஊர்வம்பு பேச வந்த கிழம் என்று நினைத்தேன். கிழம் என்றது தப்பு, அப்போது அவருக்கு ஐம்பது வயதுகூட இருக்காது. உப்புக்காற்று முகத்தை முன்கூட்டியே காயவைத்திருந்தது.

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் நாலைந்து ஊர்களுக்கு அவர்தான் அண்ணாவி. அந்த ஊர்களில் கோயில் திருவிழாவுக்கு வாசாப்பு போடுவார்கள். வாசாப்பு என்றால் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், போடும் நாடகம். ஏதாவது ஒரு புனிதரின் கதை, ஆரம்பம் முதல் கடைசி வரை பாட்டு. மீன்பிடிக்கிறவர்களும் சங்கு குளிக்கிறவர்களும்தான் ராஜா, மந்திரி, பிசாசு எல்லாம். அவர்களுக்குப் பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுத்து மேடை ஏற்றுகிறவருக்கு அண்ணாவி என்று பெயர். இவருடைய சொந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை. நாடகம் இல்லாத மாதங்களில் கொழும்புக்குப் போகும் தோணிகளுக்குப் பாய் தைப்பார்.

நான் பனங்காட்டுப் பக்கத்துக்காரன். ஒரு நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தேன். யுத்தம் வந்தது, கம்பெனி கலைந்தது. தூத்துக்குடியில் ஒரு அரிசி மண்டியில் போய் உட்கார்ந்துவிட்டேன். அங்கே மூட்டை இறக்க வந்த ஒருவன் சொல்லித்தான் அண்ணாவி என்னைத் தேடி வந்தார். “பெட்டிக்காரரே, திருவிழாவுக்கு வாசிக்க வாரீரா?” என்றார். அன்றையிலிருந்து நான் அவருக்குப் பெட்டிக்காரர்தான். அவர் பெயரை நான் மறைப்பதற்கும் அவர் என் பெயரைக் கடைசிவரை கேட்காததற்கும் சரியாகப் போயிற்று.

அவர் யார் யாருக்குள் பேச்சு இல்லை என்று கேட்டது எதற்கென்று ஒத்திகை தொடங்கின பிறகுதான் தெரிந்தது. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ராஜாவின் பாட்டை ராஜா வேஷக்காரனுக்குச் சொல்லித்தர மாட்டார். அவனோடு முகம் கொடுத்துப் பேசாதவன் எவனோ அவனைக் கூப்பிட்டு, அவனுக்குச் சொல்லிக்கொடுப்பார். அவனுடைய பாட்டை ராஜாவுக்குச் சொல்லுவார். இரண்டு பேரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்த் தன் பாட்டைக் கேட்டு வாங்க வேண்டும். எழுதிவைத்துப் படிக்கலாமே என்றால் எழுதப்படிக்கத் தெரிந்தவன் அந்தக் கரையில் அபூர்வம். மேடையில் பாட்டுத் தப்பினால் பாடினவனை ஊர் ஒன்றும் சொல்லாது. சொல்லிக்கொடுத்தவனைத்தான் கூவிக் கூவிக் கேலி செய்யும். அதனால் பகையாளிக்குப் பாட்டை ஒழுங்காகக் கொடுத்தே தீர வேண்டும்.

“இது என்ன சித்திரவதை?” என்று நான் ஒருநாள் கேட்டேன்.

“நேரா உக்காரவச்சி சமாதானமாப் போங்கலேன்னா போவானுவளா? ரெண்டு நாள் போவான், மூணாம் நாள் வெட்டுவான். பாட்டு வேணும்னா போய்த்தானே ஆவணும்? போனா ஒரு செம்பு தண்ணியாவது குடுப்பாளுவ. தண்ணி குடிச்சவன் எப்படிவே வெட்டுவான்?” என்றார்.

எனக்கு அப்போது நம்பிக்கை வரவில்லை. வெட்டுகிறவன் தண்ணீர் குடித்துவிட்டும் வெட்டுவான் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் ஒன்றை என் கண்ணாலேயே பார்த்தேன். சங்கு குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றைத் தோணியில் இருந்து பிடித்துக்கொள்கிறவன் எப்போதும் அவன் மச்சானாகத்தான் இருப்பான். கூடப்பிறந்தவளைத் தாலியறுக்கவிட மாட்டான் என்ற நம்பிக்கைதான் காரணம். ஒரு தடவை அப்படிப்பட்ட ஒரு மச்சான் கயிற்றைச் சற்றுத் தாமதமாக இழுத்துவிட்டான். மூச்சுமுட்டி மேலே வந்தவன், “என்னைக் கொல்லப் பாத்தியாலே” என்று ஊர் கேட்கக் கத்திவிட்டான். அந்தக் கடற்கரையில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது. அதோடு இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு நின்றது. இடையில் மாட்டிக்கொண்ட பெண்ணை நினைத்துப் பாருங்கள், ஒருத்தன் புருஷன், ஒருத்தன் அண்ணன்.

அண்ணாவி அந்த அண்ணனை ராஜாவாக்கினார், குளியாளியை மந்திரியாக்கினார். ராஜாவின் பாட்டெல்லாம் மந்திரியிடம். குளியாளி ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வந்தான். நாடகத்தன்று காலையில் அவனுக்குக் குசும்பு வந்துவிட்டது. “அண்ணாவி பாட்டை முன்னப்பின்ன மாத்திட்டாரு, கடைசிப் பாட்டுதான் இப்ப முதல்ல” என்று மச்சானிடம் புளுகிவிட்டான். திரை விலகியது. கிரீடம், தாடி, பட்டு எல்லாமாக ராஜா கம்பீரமாக வந்து நின்று, “போய்வருகிறேன் மந்திரியே, விடை தாரும்” என்று பாடினான். பாடி முடித்ததும் வேறு என்ன செய்வது என்று தெரியாமல் உள்ளே போயும்விட்டான். நான் வேறு சுருதியில் தயாராக இருந்தேன், எனக்கு வந்த ஆத்திரத்தில் துருத்தியையே உடைத்திருப்பேன்.

ஊர் சிரித்த சிரிப்பு அலையையே அமுக்கிவிட்டது. “ஏலே, வந்த ராசாவ ஒரு வாய்த் தண்ணி குடுக்காம அனுப்பிட்டியே!” என்று குளியாளியைத்தான் எல்லோரும் கூவினார்கள். அவனுக்கே சிரிப்புத் தாங்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் ராஜாவும் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுத்த குளியில் கயிறு பழைய கைக்கே போனது. என் நம்பிக்கையின்மை அன்றைக்குக் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. வேஷத்துக்கு வேண்டிய பட்டுத்துணியெல்லாம் காயல்பட்டினத்து முஸ்லிம் ஜவுளி வியாபாரி ஒருவர்தான் வருஷாவருஷம் இரவலாகக் கொடுப்பார், காக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். பழைய பாட்டில் வில்லன் ராஜா துலுக்க ராஜா. தலையில் பச்சைத் தலைப்பாகை கட்டிக்கொண்டுதான் வருவான். ஒருநாள் துணியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அந்த வியாபாரி மெதுவாக, “அண்ணாவி, எங்க துணியக் கட்டிக்கிட்டுத்தான் எங்காளு கெட்டவனா வரணுமாக்கும்?” என்று கேட்டார். கோபமாகக்கூட கேட்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அடுத்த வருஷம் ராஜாவுக்கு ஊரும் இல்லை, மதமும் இல்லை, பச்சையும் இல்லை. அதற்காகச் சொந்த ஊர்க்காரர்களிடம் அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. “பாட்டனுக்குப் பாட்டன் பாடினத மாத்த நீ யாருலே?” என்று ஒரு பெரியவர் கம்பை ஓங்கிவிட்டார். “அந்தப் பாட்டன் காக்காகிட்ட துணி கடன் வாங்கலையே பெரியப்பா” என்றார் இவர்.

அவரைத் தெய்வமாக்கிவிட நான் இதைச் சொல்லவில்லை. அவரிடம் எனக்குப் பிடிக்காததும் இருந்தது. ஒரு ஊரில் இரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் அவர்கள் பக்கமே திரும்ப மாட்டார். முறைத்துக்கொண்டு போகிறவர்களைத்தான் அவர் கண் தேடும். சண்டை இல்லாத ஊரில் அவருக்கு நாடகமே சூடு பிடிக்காது. எந்த மனசையும் தன்னால் தைத்துவிட முடியும் என்ற கர்வம் அவருக்கு நிறையவே இருந்தது. அவர் மனைவிக்கு அது நன்றாகத் தெரியும். நாங்கள் ஒத்திகை முடிந்து சாப்பிட உட்காரும்போது, “ஊரு சண்டையெல்லாம் தீத்துவச்சிட்டு வந்துட்டாரு மகராசன். கூரையில உள்ள ஓட்டைய எந்த அண்ணாவி வந்து தீக்கப்போறாரோ” என்பாள். சொல்லிக்கொண்டே அவர் இலையில் இன்னொரு துண்டு மீனை வைப்பாள். அவர்களுக்கு ஒரே மகன். சவரி என்று பெயர். அம்மாவின் வாயும் அப்பாவின் தோளும் உள்ள பையன். அவன் சிரித்தால் வீட்டில் வேறு சத்தம் கேட்காது.

அந்தச் சவரிதான் செத்துப்போனான்.

அவர்கள் ஊரில் வடக்குத் தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும் கரைவலைத் தகராறு ரொம்ப நாளாக இருந்தது. கரைவலை என்றால் படகில் கொண்டுபோய் வலையை வளைத்துப் போட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரையில் நின்று இழுப்பது. யார் முதலில் வலை வளைப்பது என்பதுதான் சண்டை. யுத்தத்தால் அரிசி கிடைக்காத காலம், முதல் வலையில் விழுகிற மீன் ஒரு தெருவின் கஞ்சி. ஒரு நாள் விடிகாலையில் இரண்டு தெருப் படகும் ஒரே இடத்துக்குப் போய் முட்டிக்கொண்டன. துடுப்புகள் உயர்ந்தன. தெற்குத் தெரு மிக்கேல் வீசின துடுப்பு வடக்குத் தெருப் படகில் நின்ற சவரியின் பிடரியில் பட்டது. அவன் கடலில் விழுந்தான். மத்தியானம்தான் உடல் கிடைத்தது.

போலீஸ் வந்தது. விடியாத இருட்டில் அடிபட்டு விழுந்தானா, படகு ஆடி விழுந்தானா என்று உறுதியாகச் சாட்சி சொல்ல ஒருவனும் இல்லை. கேஸ் நிற்கவில்லை. மிக்கேல் மட்டும், “எந் துடுப்புதான் பட்டுது, எந் துடுப்புதான் பட்டுது” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தானாம். பிறகு வீட்டைவிட்டு வெளியே வருவதையே நிறுத்திவிட்டான். வடக்குத் தெரு இளவட்டங்கள் அவன் வெளியே வரும் நாளுக்காகக் காத்திருந்தார்கள். திருவிழா வருகிறது, அன்றைக்கு ஒரு முடிவு பார்த்துவிடுவோம் என்று வெளிப்படையாகவே பேசினார்கள். அந்த ஒரு தலை விழுந்தால் அடுத்து எத்தனை விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். பங்குச் சாமியார் திருவிழாவையே நிறுத்திவிடலாமா என்று யோசித்தார்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணாவி மண்டிக்கு வந்து என் முன்னால் நின்றார். உடம்பு பாதியாகியிருந்தது. “இந்த வருஷமும் வாசாப்பு உண்டு. வந்துரும்” என்றார்.

எந்தக் கதை என்று கேட்டேன். வேதத்தை விடமாட்டேன் என்ற ஒரு வேதசாட்சியை ராஜா கொல்கிறான், காவல்காரன் போய் அந்தச் சேதியைச் செத்தவனின் தகப்பனிடம் சொல்கிறான், தகப்பன் புலம்புகிறான். அந்தக் கதைதான் என்றார்.

“தகப்பன் வேஷம் யாருக்கு?”

“எனக்கு.”

அவர் வேஷம் கட்டி நான் பார்த்ததே இல்லை. எப்போதும் திரை ஓரத்தில் நின்று தாளம் போடுகிறவர். “காவல்காரன்?” என்று கேட்டேன். எனக்குப் பதில் தெரிந்துவிட்டது.

“மிக்கேலு. நான் பாடுத தகப்பன் பாட்டும் அவங்கிட்டதான்.”

“உமக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?” என்று கத்திவிட்டேன். மண்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “பெத்த பிள்ளைய அடிச்சவன்கிட்ட போயி ஒப்பாரி படிக்கப் போறீரா? உம்மால அவனை மன்னிக்க முடியுமா?”

“மன்னிப்பெல்லாம் சாமியாரு பாத்துக்கிடுவாரு. எனக்கு அது வருமா வராதான்னு எனக்கே தெரியல. இன்னொரு வீட்டுல இன்னொருத்தன் சாகப்படாது. எனக்குத் தெரிஞ்ச வேலை இது ஒண்ணுதான் பெட்டிக்காரரே.”

வேஷக்காரர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது முறை. தெற்குத் தெருவில் அவர் தட்டோடு போய் நின்றபோது யாரும் கதவைத் திறக்கவில்லை. மிக்கேலை வெளியே இழுத்து வெட்டுவதற்கு இது ஒரு தந்திரம் என்று நினைத்தார்கள். நினைக்காமல் என்ன செய்வார்கள்? கடைசியில் மிக்கேலின் அம்மா வந்து முந்தானையை விரித்து, “எம் மவனுக்காவ நான் வாங்கிக்கிடுதேன்” என்று வாங்கிக்கொண்டாள்.

அந்த வழக்கத்தின் கொடுமை அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. தகப்பன் பாட்டு அண்ணாவிக்குத் தலைகீழாகத் தெரியும். அவர் அதை மிக்கேலுக்குச் சொல்லித்தர வேண்டும். பிறகு தெரியாதவர் மாதிரி அவனிடமே போய் உட்கார்ந்து திரும்ப வாங்க வேண்டும். “உமக்குத் தெரிஞ்ச பாட்டுதானே, இத மட்டும் விட்டுரும்” என்று கெஞ்சினேன். “எல்லாரையும் போவச் சொன்னேம்லா. எனக்கு மட்டும் சலுகையா?” என்றார். சொல்லிக்கொடுக்கத் தனியாகப் போய்வந்தவர், திரும்ப வாங்கப் போனபோது துணைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஒரு சாயங்காலம். மிக்கேலின் அம்மா பாய் விரித்துவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். மிக்கேல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அகன்ற முதுகு, இருபத்தைந்து வயதுக்காரன், சின்னப்பிள்ளை மாதிரி கால்களைக் கட்டிக்கொண்டிருந்தான்.

“ஆரம்பி” என்றார் அண்ணாவி.

அவன் தொடங்கினான். ‘தோளில் வளர்ந்த மகனே, துறை தெரியாமல் போனாயோ’ என்பது முதல் அடி. அவன் ‘தோளில் வளர்ந்த’ வரைக்கும் பாடி நிறுத்தி, ஒரு சொல்லை விழுங்கிவிட்டு, ‘துறை தெரியாமல்’ என்று தொடர்ந்தான்.

“ஒரு சொல்லு விட்டுப்போச்சு” என்றார் இவர்.

மறுபடி பாடினான். மறுபடியும் விட்டான்.

“மாமா, அந்தச் சொல்லு வர மாட்டேங்கு” என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“வரணும்லா. நீ சொல்லாம நான் எப்படில சொல்ல?”

அடுப்படியில் அந்த அம்மாள் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு அவன் சொன்னான். பாடவில்லை, சொன்னான். “மகனே.” அண்ணாவி திருப்பிச் சொன்னார். அவன் அடுத்த அடியைச் சொன்னான், இவர் திருப்பிச் சொன்னார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எழுந்தபோது அந்த அம்மாள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் வாங்கிக் குடித்தார். எனக்கும் ஒரு செம்பு கொடுத்தாள், நான் அதை அப்படியே பாயில் வைத்துவிட்டேன்.

யுத்தகாலத்து இருட்டடிப்பு அமலில் இருந்ததால் கடற்கரையில் ராத்திரி விளக்கு வைக்கக் கூடாது. அந்த வருஷம் வாசாப்பு பட்டப்பகலில் நடந்தது. தோணிப்பாய் ஒன்றைக் கழிகளில் கட்டி அதன் நிழலில் மேடை. ராத்திரி நாடகத்தில் பார்க்கிறவன் முகம் தெரியாது. அன்றைக்கு எல்லாருக்கும் எல்லார் முகமும் தெரிந்தது. வடக்குத் தெரு இளவட்டங்கள் மேடைக்கு முன்னால் குந்தியிருந்தார்கள். வேட்டி மடிப்பில் என்ன இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தெற்குத் தெருக்காரர்கள் படகுகளை ஒட்டி நின்றார்கள். அங்கேயும் யாரும் வெறுங்கையோடு இல்லை.

காவல்காரன் வரவேண்டிய இடம் வந்தது. மிக்கேல் வந்தான். அவன் கால் மேடையில் பட்டதும் முன்வரிசையில் மூன்று பேர் எழுந்துவிட்டார்கள். என் விரல்கள் கட்டைகளிலேயே நின்றுவிட்டன. அண்ணாவி என்னைப் பார்த்து, வாசி என்று தலையை ஆட்டினார். வாசித்தேன். மிக்கேல் தகப்பனுக்கு முன்னால் நின்று, உம்முடைய பிள்ளை இனி வரமாட்டான் ஐயா என்ற நாலு அடியையும் பாடினான். பாடிவிட்டு உள்ளே போகவேண்டியவன் கால் நகராமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

அண்ணாவி எழுந்தார். ‘தோளில் வளர்ந்த’ என்று எடுத்தார். அத்தோடு நின்றுவிட்டது. நான் அந்த இடத்தைத் திரும்ப வாசித்தேன். மறுபடி எடுத்தார், மறுபடி நின்றது. நடிப்பல்ல. பக்கத்திலேயே இருந்தவன் சொல்கிறேன், அவருக்கு உண்மையாகவே அந்தச் சொல் போய்விட்டது. கண்கள் திரையைத் தேடின, என்னைத் தேடின.

கீழே உட்கார்ந்திருந்த மிக்கேல் தலையைத் தூக்கி, “மகனே” என்று எடுத்துக்கொடுத்தான்.

அவர் அவனைப் பார்த்தார். சவரி செத்த பிறகு அவன் முகத்தை அவர் பார்த்தது அப்போதுதான். அவனைப் பார்த்தபடியே ‘மகனே’ என்று பாடினார். அழுதார். அழுதுகொண்டே முழுப் பாட்டையும் பாடினார். அடுத்த அடியும் வராதபோது அவனே கொடுத்தான். ‘நாளை விடிந்தால் எவர் வந்து என் வாசல் நிற்பாரோ’ என்று இருவருமாகத்தான் முடித்தார்கள். எழுந்து நின்ற மூன்று பேரில் ஒருவன் சவரியின் கூட்டாளி. அவன்தான் முதலில் உட்கார்ந்தான், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு. மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு அந்தக் கடற்கரையில் ஒரு கையும் உயரவில்லை. இரண்டு வாரம் கழித்து இரண்டு தெருவும் உட்கார்ந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் முதல்வலை என்று பேசி முடித்தார்கள். அந்த ஏற்பாடு நிலைத்தது. மிக்கேலும் உயிரோடு இருந்தான்.

கதை இத்தோடு முடிந்தால் எனக்கும் சந்தோஷம்தான்.

நாடகம் முடிந்து அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். அவர் மனைவி நாடகத்துக்கு வரவில்லை. எதுவும் கேட்காமல் இலை போட்டு, சோறு வைத்து, குழம்பு ஊற்றினாள். பிறகு நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

“சமாதானம் ஆயிட்டாக்கும்?”

“ஆயிட்டு” என்றார்.

“அவன் அழுதானா?”

“அழுதான்.”

“நீரும் அழுதீரு. இங்கன வரைக்கும் கேட்டுது. ஊரே பாக்க, பெட்டி வாசிக்க, பாட்டோட அழுதீரு. உமக்கு ஒரு வேஷம் இருந்துது, அவனுக்கு ஒரு வேஷம் இருந்துது. நான் எங்க ஏறி அழ?”

அவர் கையில் இருந்த சோறு இலையில் விழுந்தது. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. அந்த வாசாப்பில் ராஜா உண்டு, மந்திரி உண்டு, பிசாசுகூட உண்டு. செத்தவனின் தாய் கிடையாது. பழைய பாட்டிலேயே அவளுக்கு ஒரு அடிகூட இல்லை. இத்தனை வருஷத்தில் அது எங்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

மிக்கேலின் அம்மா ஒருநாள் வந்து வாசலில் நின்றாள். அண்ணாவியின் மனைவி அவளைத் திட்டவில்லை. “உம் மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லக்கா. உங்கிட்ட என்ன பேசணும்னு எனக்குத் தெரியல” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு அவர் எந்த ஊரிலும் வாசாப்பு போடவில்லை. யாருக்கும் யாருக்கும் பேச்சு இல்லை என்று கேட்பதும் நின்றுவிட்டது. வெற்றிலைத் தட்டோடு வந்தவர்களிடம், “ஒரு பாட்டு பாக்கி இருக்கு, அது முடியட்டும்” என்பார். தாய்க்குப் பாட்டு கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் உட்கார்ந்து பாயைத் தைத்தபடியே புதிதாக இரண்டு அடி பாடிக்காட்டுவார். உள்ளேயிருந்து அவள், “இது இல்ல” என்பாள். ஊசியை எடுத்துக்கொண்டு பேசாமல் தைப்பார். பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடின கரிவண்டி பஸ்ஸில் நான் எப்போதாவது போகும்போதெல்லாம் இதுதான் நடந்துகொண்டிருந்தது. சில அடிகள் எனக்கு ரொம்ப நன்றாகவே இருந்தன. ஒருமுறை அப்படிச் சொல்லியும்விட்டேன். “நல்லா இருந்து என்ன செய்ய? அவளுக்குச் சரின்னு படணும்லா” என்றார். அந்த மனுஷனிடம் பழைய கர்வத்தில் ஒரு துளிகூட மிச்சமில்லை. அது இருந்தபோது எரிச்சல்பட்டவன்தான் நான். இல்லாதபோது அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

யுத்தம் முடிந்தது, சுதந்திரமும் வந்தது. கடற்கரையில் மறுபடி விளக்கு வைத்தார்கள். அதற்கடுத்த வருஷத்து மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி கட்டி அவர் இறந்துபோனார். எனக்குத் தாமதமாகத்தான் சேதி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்து தூக்கினார்களாம். முன்பக்கம் தோள் கொடுத்தவன் மிக்கேல் என்று சொன்னார்கள்.

அவர் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் இல்லை. என்னைப் பார்த்ததும், “வாரும் அண்ணாச்சி” என்றாள். கொஞ்சநேரம் கழித்து, “அவரு கெட்டின பாட்டெல்லாம் உமக்குத் தெரியுமா?” என்று கேட்டாள்.

“கொஞ்சம் தெரியும்மா” என்றேன். வேண்டுமானால் வாசித்துக்காட்டட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன்.

அவள் தலையை அசைத்தாள். “ஒண்ணுகூட சரியா வரல. ஒரு நாளும் சரின்னு நான் சொல்லல” என்றாள். பிறகு வாசலில் பாதி தைத்தபடி கிடந்த பாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“இனி யாரு வந்து எனக்குப் பாடிக்காட்டுவா?”